பூங்கா நகரில் இறங்க முடியாமல் போன நாட்கள்: செட்டிநாட்டிலிருந்து சென்னைக்குச் சிகிச்சைக்குப் போனவர்களின் அனுபவங்கள்

காரைக்குடி, செக்காலையிலிருந்து:

2023 ஆகஸ்டு 27 முதல் சென்னைக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் ஓடாது என்ற செய்தியை நானும் படித்தேன். நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். மூன்று வாரம் கழித்து என் அப்பச்சியை (அப்பாவை) அரசு பொது மருத்துவமனைக்கு மறுபரிசோதனைக்காக அழைத்துச் சென்றபோதுதான், அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பூங்கா நகர் நிலையத்தை நம்பியே எங்கள் பயணம் முழுவதும் அமைந்திருந்தது என்பது தெரிந்தது.

எங்கள் வழக்கம் இதுதான். விடியற்காலையில் காரைக்குடியில் பல்லவன் விரைவு ரயில் ஏறி எழும்பூரில் இறங்குவோம். அன்றிரவு மயிலாப்பூரில் அண்ணன் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலை ஆறரை மணிக்கெல்லாம் திருமயிலை நிலையத்துக்குப் போய்விடுவோம். அங்கிருந்து ஆறாவது நிறுத்தம் பூங்கா நகர். பக்கிங்காம் கால்வாயை ஒட்டித் தூண்களின் மேல் உயரத்தில் வரும் அந்தப் பாதை, சிந்தாதிரிப்பேட்டையைத் தாண்டியதும் தாழ்ந்து தாழ்ந்து பூங்கா நகரில் தரைமட்டத்துக்கு வந்துவிடும். இடது கால் இழுத்து நடக்கும் அப்பச்சிக்கு அதைவிட வசதியான நிலையம் வேறு இல்லை. இறங்கினால் மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தது. புறநோயாளிச் சீட்டு வாங்கும் வரிசையில் எப்படியும் முதல் ஐம்பது பேருக்குள் நின்றுவிடுவேன்.

அன்று சிந்தாதிரிப்பேட்டையிலேயே வண்டி காலியானது. எல்லோரும் இறங்கிய பிறகும் அப்பச்சி எழுந்திருக்கவில்லை. "இன்னும் ஒரு ஸ்டேஷன் இருக்கேப்பா" என்றார். நான் செய்தியைப் படித்திருந்தும் மறந்துபோனதைச் சொல்ல வாய் வராமல் கையைப் பிடித்து இறக்கினேன். மேலே இருக்கும் நடைமேடையிலிருந்து சாலைக்கு வருவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. மருத்துவமனைக்கு அங்கிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். நமக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை. அவர் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து, பிறகு ஓர் ஆட்டோவில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது வரிசை வாசலைத் தாண்டி வெளியே நின்றது. அவருக்கு அன்று மருத்துவரைப் பார்க்க முடிந்தது பிற்பகல் இரண்டு மணிக்குத்தான்.

கோட்டையூரிலிருந்து:

இருப்புப் பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், அந்த நிலையம் ஏன் மூடப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரிந்தால் வலி கொஞ்சம் குறையும் என்பது என் எண்ணம். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே அப்போது மூன்று பாதைகள்தான் இருந்தன. இரண்டில் தாம்பரம் பக்கத்துப் புறநகர் மின்வண்டிகள் போய்வரும். மிஞ்சிய ஒன்றில்தான் தொலைதூர வண்டிகளும் சரக்கு வண்டிகளும் இரு திசைக்கும் போயாக வேண்டும், அதாவது எதிரே ஒன்று வந்தால் மற்றொன்று காத்திருக்க வேண்டும். இந்த நெருக்கடியைத் தீர்க்க 4.3 கிலோமீட்டருக்கு நான்காவது பாதை போட முடிவானது. அதற்கு வேறு இடம் ஏது? அருகிலேயே தரைமட்டத்தில் ஓடிய பறக்கும் ரயிலின் தண்டவாளங்களைப் பெயர்த்துத்தான் இடம் எடுக்க முடிந்தது. அதனால்தான் உயரத்தில் இருக்கும் சிந்தாதிரிப்பேட்டை வரை வண்டி ஓடியது, அதற்கு அப்பால் நின்றது. ஏழு மாதம் என்று சொல்லி நிறுத்திய வண்டி மறுபடி ஓடப் பதினான்கு மாதம் ஆயிற்று.

1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை முதலில் ஓடியதே இந்தப் பகுதிதான். திருமயிலைக்கு 1997-இல் வந்தது, வேளச்சேரிக்கு 2007-இல். மூத்த பிள்ளையை நிறுத்திவிட்டு இளையவர்களை நடக்கவிட்டது போல எனக்குப் பட்டது.

புதுவயலிலிருந்து:

கோட்டையூர் ஐயா சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் இதில் நான் ஏமாந்திருக்கிறேன். மூடப்பட்டது பூங்கா நகர், பூங்கா அல்ல. சென்ட்ரலுக்கு எதிரே, தாம்பரம் மின்வண்டிகள் நிற்கும் பூங்கா நிலையம் வேறு, அதன் அருகிலேயே இருக்கும் பறக்கும் ரயிலின் பூங்கா நகர் வேறு. "பார்க் ஸ்டேஷனை மூடிட்டாங்க" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தம்பியின் எக்ஸ்ரே படங்களையும் துணிப்பையையும் தூக்கிக்கொண்டு எழும்பூரிலிருந்து ஆட்டோவில் போனேன். எழும்பூருக்கு அடுத்த நிறுத்தமே பூங்கா, மின்வண்டியில் சில நிமிடம், ஐந்து ரூபாய்ச் சீட்டு. இதை நம் ஊரிலிருந்து முதன்முறை போகிறவர்களுக்குத் தயவுசெய்து எழுதியே கொடுங்கள். ஒரு பெயர்க் குழப்பத்துக்கு, வைத்தியத்துக்கு வைத்திருந்த காசு போகக் கூடாது.

எங்கள் கண்டனூர் புதுவயல் நிலையமும் அகலப்பாதை வேலைக்காக 2012-இல் மூடி 2018-இல்தான் திறந்தது. அந்த ஆறு ஆண்டில் பட்டுக்கோட்டைப் பக்கம் பெண் கொடுத்தவர்கள் பேருந்தில் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். ஆகவே செக்காலை அண்ணன் எழுதியதைப் படித்தபோது அப்பச்சி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த அந்த இடத்தில் எனக்கு மேலே படிக்க முடியவில்லை.

கானாடுகாத்தானிலிருந்து:

என் மகள் அந்த மருத்துவமனையை ஒட்டிய கல்லூரியில் படிக்கிறாள், திருவல்லிக்கேணியில் தங்கியிருந்தாள். மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கி வகுப்புக்குப் போனவள் பதினான்கு மாதமும் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து நடந்தாள். இளம் வயது, நடந்துவிட்டாள். ஆனால் வழியில் கைத்தாங்கலாக நோயாளிகளை அழைத்து வருகிறவர்களை நாள்தோறும் பார்த்ததாகவும், பல நாள் அவர்களுடைய பையை வாங்கிச் சுமந்து போனதாகவும் தொலைபேசியில் சொல்லுவாள். நம் பக்கத்துப் பேச்சு காதில் விழுந்தால் "எந்த ஊரு ஆச்சி?" என்று கேட்டுவிட்டுத்தான் பையை வாங்குவாளாம்.

தேவகோட்டையிலிருந்து:

2024 அக்டோபர் 29 அன்று, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னர், கடற்கரை வரை மறுபடியும் வண்டி விட்டார்கள். அந்த மகிழ்ச்சியில் நவம்பரில் என் ஆயாவை (பாட்டியை) கண் பரிசோதனைக்குப் பின் இருதய மருத்துவரிடம் காட்ட அழைத்துப் போனேன். சிந்தாதிரிப்பேட்டையில் வண்டி காலியாகாமல் மேலே நகர்ந்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் பூங்கா நகரில் வேலை முடியாததால் அங்கே மட்டும் வண்டி நிற்கவில்லை. ஆயா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அந்தா ஆஸ்பத்திரி போகுது, அந்தா போகுது" என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

நாங்கள் அடுத்த நிறுத்தமான கோட்டையில் இறங்கினோம். பக்கத்துப் புறநகர் நடைமேடைக்கு மாறித் தாம்பரம் வண்டியில் ஒரே நிறுத்தம் திரும்பி வந்தால் பூங்கா. வயதானவர்களோடு போகிறவர்களுக்குச் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து நடப்பதைவிட அது எளிது என்று அன்று கண்டுகொண்டேன். ஏறி இறங்கி மாற இருபது நிமிடம் கூடுதலாயிற்று. சாலையைக் கடந்து மருத்துவமனை வாசலுக்குள் நுழைந்த பிறகுதான் ஆயா, அதுவரை முந்தானையில் சுற்றி மார்போடு வைத்திருந்த மருத்துவக் கோப்பை என் கையில் கொடுத்தார்கள்.