பத்து வயதைத் தாண்டிய பிளேஸ்டேஷன் 4: எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது?

உரும்பிராய்_செம்மண்:

அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

கனடாவிலுள்ள என் சித்தப்பா, தான் பாவித்த பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுப் பெட்டி ஒன்றைச் சென்ற முறை ஊருக்கு வந்தபோது எனக்கும் தம்பிக்குமாகக் கொண்டுவந்து தந்தார். 2013 இல் முதன்முதலாக வெளிவந்த வடிவம் அது. உள்ளே 500 ஜிகாபைட் வன்தட்டு இருக்கிறது. வந்த புதிதில் நன்றாக ஓடியது. இப்போது அரை மணித்தியாலம் விளையாடியதும் மின்விசிறி பெருஞ்சத்தம் போடத் தொடங்குகிறது. சில வேளைகளில் சி.இ. 34878 என்று தொடங்கும் பிழை எண்ணைக் காட்டிவிட்டு விளையாட்டு மூடிக்கொள்கிறது. வேறு சில வேளைகளில் எந்த எண்ணும் காட்டாமல் பெட்டி முழுவதுமே அணைந்துவிடுகிறது. பெரிய விளையாட்டுகள் ஏறுவதற்கு நீண்ட நேரம் காத்திருக்க வேண்டியிருப்பதோடு, புதிதாக ஒன்றை நிறுவ வேண்டுமென்றால் பழைய ஒன்றை அழிக்க வேண்டிய அளவுக்கு இடமும் நிரம்பிவிட்டது.

நகரத்திலுள்ள ஒரு கடையில் காட்டியபோது, தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும் என்றும் அதற்குப் புதிய பெட்டி வாங்குவதே மேல் என்றும் சொன்னார்கள். பிளேஸ்டேஷன் 5 வாங்கும் வசதி இப்போது வீட்டில் இல்லை. ஆகவே இருப்பதையே மேம்படுத்த விரும்புகிறேன். நினைவகத்தைக் கூட்ட முடியுமா? வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. எனும் வேகமான சில்லு வட்டைப் போட்டால் எவ்வளவு வேறுபாடு தெரியும்? கனடாப் பெட்டி என்பதால், வாங்கிய நாள் முதல் 110 வோல்ற்றுக்கு இறக்கும் சிறிய மின்மாற்றி ஒன்றின் மூலமே இதைப் பாவித்து வருகிறோம் என்பதையும் குறிப்பிட்டுவிடுகிறேன்.

நெல்லியடி_திருத்துநர்:

தம்பி, அறிகுறிகளை நீர் பிரித்துப் பிரித்து எழுதியிருப்பதால் பதில் சொல்வது இலகுவாகிறது. தாய்ப்பலகையை மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு இப்போதே போக வேண்டிய தேவை இல்லை.

நினைவகக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம்: கூட்ட முடியாது. இந்த இயந்திரத்தின் 8 ஜிகாபைட் நினைவகம் கணினியில் இருப்பதுபோலக் கழற்றி மாட்டும் அட்டையாக இல்லாமல், தாய்ப்பலகையிலேயே பற்றாசு வைத்துப் பொருத்திய சில்லுகளாக இருக்கிறது. மையச் செயலியும் வரைகலைப் பகுதியும் ஏ.எம்.டி. நிறுவனம் செய்த ஒரே சில்லுக்குள் அடங்கியிருக்கின்றன. வெளிவந்த ஒவ்வொரு விளையாட்டும் இந்த அளவுகளை நம்பியே எழுதப்பட்டிருக்கிறது. எனவே படத்தின் தெளிவையோ ஓட்டத்தின் வேகத்தையோ கூட்டித் தருவதாக யாராவது சொன்னால் பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது அந்த மின்மாற்றி. என் எண்ணம் முழுவதும் அதிலேயே நிற்கிறது. பிளேஸ்டேஷன் 4 இன் மின்வழங்கி பெட்டிக்கு உள்ளேயே இருக்கிறது. அது 100 முதல் 240 வோல்ற்று வரை தானாகவே ஏற்கக்கூடியது. நம் வீட்டு 230 வோல்ற்றுக்கு நேரடியாகப் போடலாம். முளை பொருந்தும் வடமொன்று இருந்தால் போதும். முதல் வடிவப் பெட்டி, பாரமான விளையாட்டொன்றை ஓட்டும்போது ஏறத்தாழ 140 வாட் இழுக்கும். உமது மின்மாற்றி சிறியது என்கிறீர். அது 100 வாட்டுக்குரியதாக இருந்தால், விளையாட்டு உக்கிரமாகும் வேளையில் அதனால் தாங்க முடியாது. பெட்டி சூடேறி நின்றால் தொலைக்காட்சித் திரையில் அதற்கான எச்சரிக்கை வரும். எச்சரிக்கையே இல்லாமல் அணைந்தால் மின்சாரத்தின் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனாலும் நான் சொன்னேன் என்பதற்காக உடனே நேரடியாகச் செருக வேண்டாம். துப்புரவாக்குவதற்குப் பெட்டியைத் திறக்கும்போது, மின்வழங்கியின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் அச்சிட்ட வோல்ற்றளவை உம் கண்ணால் வாசித்து உறுதிசெய்த பின்னர் செய்யும். இந்தப் பழக்கம் எல்லாப் பெட்டிக்கும் தேவை. வட அமெரிக்காவில் விற்ற எக்ஸ்பொக்ஸ் 360 பெட்டிகள் பலவற்றின் மின்வழங்கிகள் 110 வோல்ற்றுக்கு மட்டும் உரியவை. அவற்றை நேரடியாகப் போட்டால் எரிந்துபோகும்.

இனி வெப்பம். நீர் இருப்பது யாழ்ப்பாணத்து உரும்பிராயில். சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் செம்மண் தூசி யன்னலைச் சாத்தினாலும் வீட்டுக்குள் வந்துவிடும். அந்தத் தூசி மின்விசிறியின் இதழ்களிலும், அதற்குப் பின்னாலுள்ள உலோகச் செதில்களின் இடைவெளிகளிலும் படிந்து காற்றோட்டத்தை அடைக்கிறது. இதற்கு மேலாக, சில்லுக்கும் வெப்பத்தை இழுக்கும் உலோகத்துக்கும் இடையில் தொழிற்சாலையில் பூசிய வெப்பப் பசை இத்தனை ஆண்டுகளில் காய்ந்து இறுகியிருக்கும். இரண்டையும் சரிசெய்தால் சத்தம் பெருமளவு குறையும். சில்லின் வெப்பம் இறங்குவதால் பெட்டியின் ஆயுளும் நீளும். வேகத்துக்குச் செலவழிப்பதற்கு முன் இதற்கே செலவழிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

திறப்பதற்குத் தலையில் நட்சத்திர வடிவமும் அதன் நடுவில் சிறு முளையும் கொண்ட திருகாணிகளுக்குரிய திருகி வேண்டும். சாதாரண நட்சத்திரத் திருகி உள்ளே இறங்காது. பின்புறத்தில் ஒட்டுத்தாளுக்குக் கீழேயும் திருகாணிகள் மறைந்திருக்கும். வடத்தைக் கழற்றியபின் சற்று நேரம் விட்டுவிட்டே கை வைக்க வேண்டும். மின்வழங்கியை முழுப் பெட்டியாகத் தூக்கி வைக்கலாம். அதன் கூட்டைத் திறக்கவே கூடாது, ஏனெனில் உள்ளேயிருக்கும் பெரிய கொள்ளளவிகள் வடத்தைக் கழற்றிய பின்பும் மின்னேற்றத்தை வைத்திருக்கும். காற்றடித்துத் தூசி போக்கும்போது மின்விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளும். அதைக் கண்டபடி சுழல விட்டால் அதன் தாங்கி கெடும். பழைய பசையை ஐசோபுரோப்பைல் மதுசாரத்தில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, ஒரு கடலைப்பருப்பு அளவு புதுப்பசையை வைத்தால் போதுமானது. நினைவகச் சில்லுகளின் மேலுள்ள மெல்லிய வெப்பத் திண்டுகள் கிழியாமல் பார்த்துக்கொள்ளும். இதே வேலையைப் பிளேஸ்டேஷன் 5 இல் செய்யலாம் என்று எண்ண வேண்டாம். அதில் பசைக்குப் பதிலாக மின்சாரத்தைக் கடத்தும் திரவ உலோகம் இருக்கிறது.

கல்வியங்காடு_மென்பொருள்:

ஐயா சொன்ன வரிசையை நானும் ஏற்றுக்கொள்கிறேன். வெப்பமும் மின்சாரமும் சரியான பிறகு வன்தட்டைப் பற்றிச் சிந்திப்போம், தம்பி.

நீங்கள் குறிப்பிட்ட பிழை எண் விளையாட்டு எதிர்பாராமல் நின்றுவிட்டது என்பதை மட்டுமே சொல்கிறது, காரணத்தைச் சொல்லாது. வெப்பமாகவும் இருக்கலாம், வன்தட்டு தேய்ந்ததாகவும் இருக்கலாம், மின்சாரம் இடையில் போனபோது எழுதிக்கொண்டிருந்த தரவு பழுதானதாகவும் இருக்கலாம். பணம் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பெட்டியை முழுமையாக அணைத்தபின், மின்பொத்தானை ஏழு விநாடிகள் வரை, இரண்டாவது ஒலி கேட்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். பாதுகாப்பு முறை திறக்கும். விளையாடும் கைக்கருவியை யூ.எஸ்.பி. வடத்தால் இணைத்துவிட்டு, ஐந்தாவது தெரிவான தரவுத்தளத்தை மீளக் கட்டுவதைத் தெரிவுசெய்யுங்கள். விளையாட்டில் நீங்கள் எட்டிய நிலையை வைத்திருக்கும் சேமிப்புகளை அது அழிக்காது. ஆறாவதும் ஏழாவதும் எல்லாவற்றையும் அழித்துவிடும் என்பதால், எண்ணை இருமுறை பார்த்து அழுத்துங்கள். ஐந்தாவதைச் செய்த பின்பும் பிழை தொடர்ந்தால், வன்தட்டின் காலம் முடிகிறது என்று கொள்ளலாம்.

எஸ்.எஸ்.டி. பற்றிய என் கருத்து இது. விளையாட்டு ஏறும் நேரமும், பெரிய வரைபடங்களில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும்போது காத்திருக்கும் நேரமும் தெளிவாகக் குறையும். விளையாடும்போது தெரியும் படத்தின் வேகம் கூடாது. அது சில்லின் வேலை. முதல் வடிவப் பெட்டியில் வட்டைத் தாய்ப்பலகையுடன் தொடுக்கும் சாட்டா இணைப்பு நொடிக்கு 3 ஜிகாபிட் அளவிலேயே ஓடுகிறது. 2016 இல் வந்த புரோ வடிவத்தில்தான் அது 6 ஜிகாபிட் ஆனது. ஆகவே அதிவேகம் என்று விளம்பரப்படுத்தும் விலை கூடிய வட்டை வாங்கினால், அந்த மிகுதி வேகம் உங்கள் பெட்டியில் பயன்படாமல் கிடக்கும். நம்பத்தகுந்த நிறுவனத்தின் சாதாரண சாட்டா வட்டே போதும். அளவு 2.5 அங்குலமாகவும், தடிப்பு 9.5 மில்லிமீற்றருக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். உங்களுக்கு இடமும் போதாமையால் 500 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி.யால் பாதிப் பயன்தான். 1 டெராபைட் வாங்கப் பணம் சேரும்வரை காத்திருப்பது நல்லது.

பெட்டியைத் திறக்காமலே பெறக்கூடிய வழியும் இருக்கிறது. 2017 மார்ச்சில் வந்த 4.50 மென்பொருள் மேம்படுத்தலிலிருந்து, யூ.எஸ்.பி. 3.0 வழியாக 250 ஜிகாபைட் முதல் 8 டெராபைட் வரையான வெளி வட்டொன்றை விளையாட்டுகளை நிறுவுவதற்குப் பாவிக்கலாம். அந்த வட்டு எஸ்.எஸ்.டி.யாக இருந்தால், ஏறும் நேரத்தில் உள்ளே பொருத்தியதற்குக் கிட்டிய பயனைத் தரும். நாளைக்குப் பிளேஸ்டேஷன் 5 வாங்கினாலும் அதே வட்டிலிருந்து பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகளை ஓட்டலாம். ஆனால் இயங்குதளமும் உங்கள் சேமிப்புகளும் உள் வன்தட்டிலேயே தங்கும். அந்த வன்தட்டு சாகும் நிலையில் இருந்தால் வெளி வட்டு உங்களைக் காப்பாற்றாது. எனவே ஐந்தாவது தெரிவின் விளைவைப் பார்த்துவிட்டே இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்.

உள் வட்டை மாற்றுவது கைவேலையாகப் பார்த்தால் மிக இலகுவானது. முதல் வடிவத்தில் மேல் மூடியின் பளபளப்பான பகுதியைப் பக்கவாட்டில் தள்ளினால் கழன்றுவிடும். உள்ளே ஒரேயொரு திருகாணிதான் வட்டின் தாங்கியைப் பிடித்திருக்கிறது. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் தரவுக்குச் செய்ய வேண்டியவற்றிலேயே கவனம் வேண்டும். பழைய வன்தட்டிலுள்ள தரவு உங்கள் பெட்டிக்கென்றே மறைகுறியாக்கப்பட்டிருப்பதால், அதைக் கழற்றிக் கணினியில் மாட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தால் பிறகு ஒன்றும் கிடைக்காது. கழற்றுவதற்கு முன்னரே சேமிப்புகளை யூ.எஸ்.பி. குச்சியில் பிரதிசெய்து, விளையாட்டில் கிடைத்த வெற்றிக் கிண்ணங்களை இணையக் கணக்குடன் ஒத்திசைத்துவிட வேண்டும். புதிய வட்டில் இயங்குதளத்தை ஏற்றுவதற்கு, சோனியின் தளத்தில் முழு மீள்நிறுவலுக்கென்று தனியாகக் கொடுத்திருக்கும் பெரிய கோப்பே தேவை. வழக்கமான மேம்படுத்தல் கோப்பு அதற்குப் போதாது. புதிய வட்டு ஒழுங்காக ஓடுகிறது என்று தெரியும்வரை பழையதை அழிக்காமல் வைத்திருங்கள்.

குருநகர்_கடற்காற்று:

இரண்டு விடயங்களைச் சேர்க்க விரும்புகிறேன். கடற்கரையோரம் இருப்பவர்களுக்குத் தூசியைவிட உப்புக்காற்றே பெரிய எதிரி. உலோக மறைப்பிலும் திருகாணிகளிலும் துரு ஏறிவிடுவதால், திறக்கும்போது வலிந்து திருகித் தலையைச் சிதைத்துவிடாமல் மெதுவாகத் திறக்க வேண்டும்.

மற்றையது, மின்சாரம் போனாலும் சற்று நேரம் மின் தரும் யூ.பி.எஸ். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். இப்போது நிலைமை அப்படியில்லை. ஆனாலும் மழைக்காலத்தில் கண நேரம் மின்சாரம் போய் வருவது நிற்கவில்லை. வன்தட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது நடக்கும் அந்த ஒரு கணமே தரவுத்தளத்தைக் குழப்பப் போதுமானது. வீட்டுக் கணினிக்குப் பாவிக்கும் 650 வி.ஏ. அளவான யூ.பி.எஸ். ஒன்று, பெட்டியை முறைப்படி அணைப்பதற்குத் தேவையான சில நிமிடங்களைத் தரும். என் பார்வையில் எஸ்.எஸ்.டி.க்கு முன்னர் வாங்க வேண்டியது இதுதான்.

உரும்பிராய்_செம்மண்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி திறந்து பார்த்தேன். மின்வழங்கியின் ஒட்டுத்தாளில் 100 முதல் 240 வோல்ற்று என்றே அச்சிட்டிருக்கிறது. மின்மாற்றியோ 100 வாட்டுக்குரியது. அதை ஒதுக்கிவிட்டு நேரடியாகப் போட்ட பின்னர் பெட்டி ஒருமுறைகூடத் தானாக அணையவில்லை. செதில்களுக்கிடையில் செம்மண் தட்டையாகப் படிந்திருந்தது. துப்புரவாக்கிப் பசையும் மாற்றியதால், இரவில் அம்மா நித்திரை கொள்ளும் அறைக்குப் பக்கத்திலேயே விளையாட முடிகிறது. ஐந்தாவது தெரிவையும் செய்தேன். இருந்தும் பெரிய விளையாட்டு ஒன்றில் அதே பிழை எண் இன்னும் வருகிறது. ஆகவே உள் வட்டையே மாற்றத் தீர்மானித்துவிட்டேன்.

ஒரு கவலை மிஞ்சியிருக்கிறது. எல்லா விளையாட்டுகளையும் மறுபடி பதிவிறக்க வீட்டு இணைய இணைப்பின் மாதாந்த அளவு போதாது. இறுவட்டில் வாங்கியவை சிலவே. வெளி வட்டொன்றைப் பெட்டியில் நிறுவல் இடமாக அமைத்து, அதிலேயே முழுக் காப்புப் பிரதியையும் எடுத்துவிடலாமா?

கல்வியங்காடு_மென்பொருள்:

எடுக்க முடியாது, தம்பி. நிறுவல் இடமாக அமைத்தவுடன் அந்த வட்டைப் பெட்டி தன் சொந்த வடிவத்துக்கு மாற்றிவிடும். காப்புப் பிரதிக்கோ கணினியும் வாசிக்கும் எஃப்.ஏ.டி. 32 அல்லது எக்ஸ்ஃபெட் கோப்பு வடிவிலுள்ள வேறு வட்டு வேண்டும். யாரிடமாவது 500 ஜிகாபைட்டுக்குக் குறையாத சாதாரண வெளி வன்தட்டொன்றை ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். கணினியில் அதை எக்ஸ்ஃபெட் வடிவுக்கு மாற்றும்போது அதிலுள்ளவை அழியும் என்பதை உரியவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு பெட்டியின் அமைப்புகளில் காப்புப் பிரதியும் மீட்டெடுப்பும் என்ற பகுதிக்குச் சென்று, விளையாட்டுகளையும் சேர்த்தே தெரிவுசெய்யுங்கள். வன்தட்டு ஏற்கெனவே தளர்ந்திருப்பதால் நீண்ட நேரம் எடுக்கும். நடுவில் நின்றுவிட்டால், பாரமான விளையாட்டை நீக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். சேமிப்புகளை மட்டும் இன்றைக்கே தனியாக ஒரு யூ.எஸ்.பி. குச்சியில் எடுத்துவிடுங்கள், அதற்கு எக்ஸ்ஃபெட் குச்சி ஒன்றும் சில நிமிடங்களுமே போதும்.