தப்பான குழுவில் விழுந்த கமிட்

குழு: அல்சூர் வீடு 🏠
சனி, இரவு 10:12

திவ்யா: கமிட் முடிந்தது. ஏபிஐ 200 கொடுத்துவிட்டது. டிக்கெட்டை மூடிவிடலாமா?

ராஜி பெரியம்மா: எந்த டிக்கெட்டம்மா? ஊருக்குப் போகிறாயா? நாளைக்கு ஆடிக் கிருத்திகை, காலையில் முருகன் கோயிலுக்கு வருவதாகச் சொன்னாயே!

திவ்யா: ஐயோ பெரியம்மா, இது ஆபீஸ் டிக்கெட், வேலைக் கோரிக்கை. ஆபீஸ் குழுவுக்குப் போட வேண்டியது. இங்கே விழுந்துவிட்டது 🙈

கார்த்திக்: அழிக்காதே, இரு. ஆபீஸ் புகார்களைக் கையாளும் அந்த சர்வீஸ்நவ் மென்பொருள்தானே? மாற்றங்களைக் கட்டி அனுப்பும் அப்டேட் செட்டா?

திவ்யா: ஆமாம் அண்ணா. இன்சிடென்ட் ஃபார்மில், அதாவது புகார்ப் படிவத்தில், ஒரு புதுக் கட்டம், தானாக ஓடும் இரண்டு பிசினஸ் ரூல். நாங்கள் எழுதிப் பார்க்கும் டெவ்விலிருந்து எல்லோரும் வேலை செய்யும் புரொடக்‌ஷனுக்கு. போன மாதம்வரை கையால் ஏற்றினோம், இப்போது ஸ்கிரிப்ட்தான் ஏபிஐ வழியாக சர்வீஸ்நவ்விடம் பேசுகிறது.

கார்த்திக்: 200 என்றால் வேலையை வாங்கி வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். பதிலுக்குள் ஒரு புரோகிரஸ் ஐடி இருக்கும் பார். அதை வைத்து மறுபடி கேட்க வேண்டும். 0 வந்தால் வரிசையில் நிற்கிறது, 1 ஓடுகிறது, 2 வெற்றி, 3 தோல்வி. 2 வருகிறவரை டிக்கெட்டைத் தொடாதே.

ராஜி பெரியம்மா: டெய்லர் சீட்டு மாதிரியா? நம் தெருக்காரர் சீட்டை உடனே கிழித்துக் கொடுத்துவிட்டார். ரவிக்கைதான் மூன்று வாரமாக வரவில்லை.

கார்த்திக்: அதேதான் அம்மா 😂

10:19

திவ்யா: 3 😭

கார்த்திக்: பிரிவியூ பார்த்தாயா?

திவ்யா: எடுத்துவரும் ரிட்ரீவ், மோதல் இருக்கிறதா என்று பார்க்கும் பிரிவியூ, உள்ளே ஏற்றும் கமிட் மூன்றையும் ஸ்கிரிப்ட் அடுத்தடுத்து கூப்பிடும். பிரிவியூவுக்கும் 200 வந்ததே...

கார்த்திக்: அங்கேயும் உனக்குக் கிடைத்தது சீட்டுதான். ஸ்கிரீனில் போய் ரிமோட் அப்டேட் செட்டைத் திற. டெவ்வில் இருப்பதை இல்லை, புரொடக்‌ஷனுக்கு வந்து இறங்கியதை. பிரிவியூ பிராப்ளம் எத்தனை?

திவ்யா: ஒன்று. இதைவிடப் புதிய லோக்கல் அப்டேட் இருக்கிறதாம். ஒரு பிசினஸ் ரூலில் வியாழக்கிழமை யாரோ நேராகப் புரொடக்‌ஷனிலேயே கை வைத்திருக்கிறார்கள். ஃபோர்ஸ் கமிட் என்று ஒன்று இருக்கிறதே, போட்டுவிடவா? பதினோரு மணிவரைதான் அனுமதி.

கார்த்திக்: வேண்டவே வேண்டாம். போட்டால் அவர் எழுதியதன் மேல் உன்னுடையது ஏறிவிடும். திங்கட்கிழமை காலையில் உன் பெயரைத்தான் தேடுவார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார், என்ன வித்தியாசம்?

சேகர் சித்தப்பா: நான் ஐடிஐ தொழிற்சாலையில் இருந்தபோது, எதை மாற்றினோம் என்று லாக் புக்கில் எழுதாமல் ஷிப்டு முடித்துக் கிளம்ப முடியாது. வியாழக்கிழமை கை வைத்த அந்த மகானுக்கு லாக் புக் கிடையாதா?

திவ்யா: கேட்கிறேன் சித்தப்பா 😅 அண்ணா, அவர் இரண்டு வரி சேர்த்திருக்கிறார். விஐபி பயனர்களுக்கு மட்டும் ஏதோ.

கார்த்திக்: அப்படியென்றால் அந்த ஒரு ரெக்கார்டை மட்டும் ஸ்கிப் கொடு. மற்றதை கமிட் பண்ணு. அந்த ரூலை இரண்டு பேருடையதையும் சேர்த்து எழுதித் தனியாக அனுப்பலாம். உன் லீடிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்.

10:34

திவ்யா: சொல்லிவிட்டேன். சரி என்றார். மறுபடி கமிட் அடித்தாயிற்று.

கார்த்திக்: புது ஐடியை வைத்துக் கேள், பழையது அந்த 3ஐயேதான் காட்டும். அப்புறம், ரூல் ஏதாவது பயனர் குரூப்பைத் தேடுகிறதா? குரூப் எல்லாம் டேட்டா, அப்டேட் செட்டில் தானாக வராது.

திவ்யா: அதைத் தனியாக எக்ஸ்எம்எல் கோப்பாக முன்னாலேயே ஏற்றிவிட்டேன். போன தடவை பட்ட சூடு.

10:41

திவ்யா: 2!! நூறு சதவீதம். ஃபார்மையும் திறந்து பார்த்துவிட்டேன், புதுக் கட்டம் இருக்கிறது.

கார்த்திக்: இப்போது மூடு டிக்கெட்டை. ஆபீஸ் குழுவில் 😄 நாளைக்கே ஸ்கிரிப்டில் ஒவ்வொரு படிக்கும் 2 வருகிறதா என்று கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிற மாதிரி மாற்று. பிரிவியூவில் பிராப்ளம் இருந்தால் அங்கேயே நிற்கட்டும்.

ராஜி பெரியம்மா: நாளைக்கு ஒன்றும் மாற்ற வேண்டாம், கோயில். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும், அப்புறம் காவடிக் கூட்டத்தில் உள்ளே நுழைய முடியாது.

திவ்யா: வருகிறேன் பெரியம்மா. புது ரவிக்கையா?

ராஜி பெரியம்மா: பழையதுதான். சீட்டு மட்டும் பர்ஸில் பத்திரமாக இருக்கிறது.