கோர்ட்டுக்குக் கறுப்புக் கோட்டு எங்கே தைக்கலாம்?

வணக்கம் அக்காமாரே, அண்ணன்மாரே. பார் கவுன்சிலில் பதிவு முடிந்து, அடுத்த திங்கள் மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்கிறேன். வீட்டில் முதல் வக்கீல் நான்தான். கேட்க ஆள் இல்லை.

வெள்ளைக் கழுத்துப் பட்டை, அடக்கமான நிறத்தில் டிசைன் இல்லாத சேலை, சுடிதார் எல்லாம் வாங்கிவிட்டேன். கோட்டுக்கு மேல் போடும் கறுப்பு அங்கியான கவுன் உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும்தான் கட்டாயம் என்பதால் அதைத் தள்ளி வைத்திருக்கிறேன். கோட்டில்தான் குழப்பம். கடையில் பார்த்த ரெடிமேட் எல்லாம் பாலியஸ்டர், தோள் வேறு தொங்குகிறது. பருத்தியில் தைத்தால் கறுப்பு எத்தனை சலவைக்கு நிற்கும்? விளக்குத்தூண் பக்கம் பெண்களுக்குக் கோட்டு தைக்கும் டெய்லர் யாராவது தெரியுமா? கையில் 2,500 ரூபாய்தான் இருக்கிறது.

அப்புறம், முதல் நாள் சேலைதான் கட்ட வேண்டுமா, சுடிதார் போதுமா?