விடியும் முன் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன: 5 சென்ட் குட்டைக்கு என்ன செய்யலாம்?

ஒரத்தநாட்டுக் குட்டை
வணக்கம். 5 சென்டில் பண்ணைக்குட்டை, 5 அடி தண்ணீர். ஆடியில் கட்லா, ரோகு, மிர்கால் என்ற கெண்டை வகைகள் சேர்த்து, விரல் நீளமுள்ள 600 விரலிக் குஞ்சுகள் விட்டேன். இப்போது கட்லா கால் கிலோவைத் தொட்டுவிட்டது. மூன்று நாளாக மூடாப்பு. நேற்றுக் காலை 5 மணிக்கு டார்ச் அடித்தால், குட்டை முழுக்க வாய்கள்! கரையில் என் காலடிச் சத்தம் கேட்டும் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. வெயில் ஏறியதும் மற்றதெல்லாம் இறங்கிவிட்டன, 23 கட்லா மட்டும் மிதந்தன. கையில் எடுத்தபோது எல்லாவற்றுக்கும் வாய் திறந்தே இருந்தது. மனசே ஆறவில்லை.

தினமும் புண்ணாக்கும் தவிடும் 4 கிலோ, வாரம் இரண்டு கூடை சாணம் போடுகிறேன். தண்ணீர் பச்சைப்பசேல் என்று இருக்கிறது. கண்ணாடித் தொட்டிக்கு வைக்கும் ஏர் பம்ப் நாலு வாங்கினால் போதுமா?

புதுக்கோட்டை விவசாயி
சாணத்தை இன்றே நிறுத்துங்கள். தீவனமும் இரண்டு நாள் வேண்டாம். போர்வெல் மோட்டாரைப் போட்டு புதுத் தண்ணீர் விடுங்கள், சரியாகிவிடும்.

கரையோரம்
தம்பி, தீவனம் பற்றி மேலே அண்ணன் சொன்னது சரி. போர் தண்ணீரில் மட்டும் கவனம் வேண்டும். பூமிக்கடியிலிருந்து வரும் நீரில் ஆக்சிஜன் பெரும்பாலும் குறைவு. குழாயை அப்படியே உள்ளே விட்டால் பலன் இல்லை, உயரத்திலிருந்து உடைந்து விழ வேண்டும்.

உங்கள் குட்டையில் நடந்தது இதுதான். பச்சையாகத் தெரிவது பாசி. பகலில் அது ஆக்சிஜன் விடும், இரவில் மீனோடு சேர்ந்து அதுவும் மூச்சு வாங்கும். அழுகும் சாணமும் மிச்சத் தீவனமும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் விடிவதற்குச் சற்று முன் ஆக்சிஜன் அளவு அடிமட்டத்துக்குப் போகிறது. மூடாப்பு நாளில் பகல் வரவும் குறைவு. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கெண்டை நன்றாக வளரும், 3-க்குக் கீழே போனால் தவிக்கும்.

கண்ணாடித் தொட்டி பம்ப் வேண்டாம். உங்களிடம் இருப்பது ஏறக்குறைய 3 லட்சம் லிட்டர் தண்ணீர். 1 எச்.பி. மோட்டார் ஒன்றை வைத்து குட்டைத் தண்ணீரையே எடுத்து, பி.வி.சி. குழாயில் வரிசையாகத் துளை போட்டு, 3 அடி உயரத்திலிருந்து பூவாணம் போலத் தெளிக்க விடுங்கள். துளி எவ்வளவு சிறிதோ அவ்வளவு காற்று ஏறும். உறிஞ்சும் முனை அடிச்சேற்றில் படவே கூடாது. சேறு கலங்கினால் அழுகல் வாயுவும் சேர்ந்து மேலே வரும், மிச்ச மீனையும் இழப்பீர்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஓடட்டும். ஈரக்கரையில் மின்சாரம், ஆகவே மின்கசிவு வந்தால் தானாக நிறுத்தும் டிரிப்பர் இல்லாமல் ஒயரை இழுக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சென்டுக்கு 40 குஞ்சு என்பது கணக்கு. 5 சென்டுக்கு 200. நீங்கள் மூன்று மடங்கு விட்டிருக்கிறீர்கள். மோட்டார் இந்த வாரத்தைத் தாண்ட உதவும், மீன் வளர வளர மறுபடி மூச்சு முட்டும். பெரியதைப் பிடித்து விற்று எண்ணிக்கையைக் குறைத்துவிடுங்கள்.

ஒரத்தநாட்டுக் குட்டை
நன்றிண்ணே. அன்றைக்கே 20 அடிக் குழாயில் சாணுக்கு ஒன்றாகத் துளை போட்டு, நாலு சவுக்குக் கம்பில் கட்டினோம். முதல் இரவு தூங்கவே இல்லை. 4 மணிக்குப் பார்த்தால் தெளிப்பு விழுகிற இடத்தைச் சுற்றி மட்டும் மீன்கள் கூடி நின்றன, மற்ற பக்கம் அமைதி. நாலாவது நாள் மேலே ஒன்றுகூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை 120 கட்லா பிடித்துக் கொடுத்துவிட்டேன். சின்ன மீன் என்று விலை குறைத்துத்தான் எடுத்தார்கள். இனி தினமும் ஓட்டணுமா?

கரையோரம்
கையை முழங்கை வரை தண்ணீரில் விடுங்கள். அதற்குள்ளேயே விரல் நுனி மறைந்தால் பாசி அதிகம், தினமும் ஓட்டுங்கள். முழங்கை மூழ்கும்வரை விரல் தெரிந்தால் மூடாப்பு, மழை நாட்களில் மட்டும் போதும். இன்னும் நானூற்றைம்பதுக்கு மேல் கிடக்கிறது, அடுத்த பிடிப்பையும் தள்ளிப்போடாதீர்கள்.