மறு: 'பல்லலகு' வேண்டாம், 'கூட்டியக்கத் தொகுதி' சரிவருமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் 'டீசல் எலெக்ட்ரிக் மல்டிபிள் யூனிட்' எனப்படும் பிரிட்டனின் டீசல்-மின் பயணிகள் ரயில்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை முழுக்கப் படித்தேன். என் கருத்தைக் கேள்வி வாரியாகச் சொல்கிறேன்.

> 'டீசல் மின் பல்லலகு' என்றே வைத்துக்கொள்ளலாமே? நேரடியாக இருக்கிறது.

நேரடியாக இருப்பதில்தான் சிக்கல், ஐயா. பெட்டிகள் பல இருப்பதால் இந்த வண்டிக்கு 'மல்டிபிள் யூனிட்' என்ற பெயர் வரவில்லை. எஞ்சின் இழுக்கிற எந்த ரயிலிலும் பெட்டிகள் பலதான். தனித்தனியே ஓடக்கூடிய தொகுதிகள் சிலவற்றைக் கோத்து, அத்தனை எஞ்சின்களையும் முன்னால் இருக்கும் ஒரே ஓட்டுநர் சேர்த்து இயக்க முடியும் என்பதே விஷயம். 'பல்லலகு' என்று படிக்கிறவருக்கு இது பிடிபடவே பிடிபடாது. அதனால் 'டீசல்-மின் கூட்டியக்கத் தொகுதி' என்று முன்வைக்கிறேன்.

தென்கிழக்கு இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் பாதையில் ஓடிய 'ஹேஸ்டிங்ஸ் டீசல்'களை எடுத்துக்கொள்வோம், நாம் முதலில் எழுதப்போவதும் அவற்றைப் பற்றித்தான். டன்பிரிட்ஜிலிருந்து ஹேஸ்டிங்ஸ் போகும் பாதையை 1850களின் தொடக்கத்தில் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர்கள், சுரங்கங்களுக்குப் போட வேண்டிய செங்கல் அடுக்குகளைக் குறைத்துக் கட்டிவிட்டார்கள். 1855இல் மவுண்ட்ஃபீல்ட் சுரங்கத்தின் ஒரு பகுதி இடிந்தபோது குட்டு வெளிப்பட்டது. சுரங்கத்தை அகலமாகத் தோண்டிக் கட்டுவதற்குப் பதில், உட்புறமாகவே இன்னும் செங்கல் வைத்துப் பூசினார்கள். சுவர் பலப்பட்டது, வழி குறுகிவிட்டது. அப்புறம் நூறு வருடத்துக்கும் மேலாக அந்தப் பாதைக்கென்றே ஒடுங்கிய பெட்டிகளைத் தனியாகச் செய்ய வேண்டியதாயிற்று. யாரோ மிச்சம் பிடித்த செங்கலுக்கு எத்தனை தலைமுறை விலை கொடுத்தது!

நீராவி எஞ்சின்களை விலக்க, 1957-58இல் ஈஸ்ட்லீ பணிமனை இந்தப் பாதைக்கு ஆறு பெட்டித் தொகுதிகள் 23 கட்டியது. குட்டைப் பெட்டி வைத்தவை 7, நீளப் பெட்டி வைத்தவை 9, சிற்றுண்டிப் பெட்டியும் சேர்ந்தவை 7. பின்னாளில் இவை முறையே 201, 202, 203 என்று வகை எண் பெற்றன. இவற்றை ஓட்டிய, பிரிட்டிஷ் ரயில்வேயின் சதர்ன் (தெற்கு) மண்டலத்தின் மற்ற பெட்டிகளில் பக்கச்சுவர் வெளிப்பக்கம் வளைந்திருக்கும், இவற்றில் அது தட்டையாக நிற்கும்.

ஒவ்வொரு தொகுதியின் இரு முனையிலும் ஒரு விசைப்பெட்டி. அதில் ஓட்டுநர் அறைக்குப் பின்னால், பெட்டியின் தளத்துக்கு மேலேயே, நான்கு சிலிண்டர் கொண்ட இங்கிலீஷ் எலெக்ட்ரிக் எஞ்சின் உட்கார்ந்திருக்கும், 500 குதிரைத்திறன். அது ஜெனரேட்டரைச் சுழற்றும், அதிலிருந்து வரும் மின்சாரம் சக்கரங்களை ஓட்டும் மோட்டார்களுக்குப் போகும். அதே பெட்டியின் மிச்ச இடத்தில் பயணிகள்! திடும் திடும் என்று அடிக்கும் அந்த எஞ்சின் ஓசையால் இந்தக் குடும்பத்து வண்டிகளுக்கே 'தம்பர்' என்ற செல்லப்பெயர் வந்தது. இரண்டு தொகுதிகளைக் கோத்தால் 12 பெட்டி, நான்கு எஞ்சின், 2000 குதிரைத்திறன். ஓட்டுவது ஒருவர். நான் 'கூட்டியக்கம்' என்பது இதைத்தான்.

> 'மின்' எதற்கு? 'டீசல் தொகுதி' போதாதா?

போதாது அம்மா. அதே 1950களில் பிரிட்டிஷ் ரயில்வேயின் மற்ற மண்டலங்கள் வாங்கிய டீசல் தொகுதிகளில் பெரும்பாலானவை கியர் வைத்தவை. எஞ்சின் பெட்டிக்கு அடியில் இருக்கும், பேருந்து மாதிரி கியர் மாற்றி ஓட்ட வேண்டும். சதர்ன் மட்டும் மின்வழி போனதற்குக் காரணம் உண்டு. பாதையோரமாக மின்சாரம் பாயும் மூன்றாம் தண்டவாளம் போட்டு மின்வண்டி ஓட்டி அவர்களுக்குப் பல்லாண்டுப் பழக்கம். தங்கள் மின்வண்டிகளில் ஓடிய அதே வகை மோட்டாரையே டீசல் வண்டியிலும் பொருத்தினார்கள். சரி, கடைசியில் என்ன ஆயிற்று? அதே தென்கிழக்கு இங்கிலாந்தின் அக்ஃபீல்ட் பாதையில் 2004இல் தம்பர்கள் விடைபெற்றபோது அங்கே வந்தவை வகை 171, அவை எஞ்சின் விசையை எண்ணெய் வழியே சக்கரத்துக்குக் கடத்தும் நீர்ம விசைமாற்றி கொண்டவை. ஒரே பாதையின் கதையைச் சொல்லவே 'டீசல்-மின்', 'டீசல்-நீர்ம' இரண்டும் வேண்டும். கியர் வண்டிக்கு 'டீசல்-கியர்' என்றே இருக்கட்டும், கியருக்குப் 'பல்லிணை' என்று வலிந்து போக வேண்டாம்.

> 'கூட்டியக்கம்' என்றால் அரசியல்தானே நினைவுக்கு வரும்?

தனியாகப் பார்த்தால் வரும். முன்னால் 'டீசல்-மின்', பின்னால் 'தொகுதி' நிற்கும்போது குழப்பம் வராது.

> பத்திரிகைகளில் 'டெமு ரயில்' வந்துவிட்டதே?

வந்துவிட்டது, நன்றாகவும் ஓடுகிறது. தமிழ்நாட்டுச் செய்திக்கு அதுவே பொருத்தம். ஆனால் மின், நீர்ம, கியர் என்ற மூன்று வகைகளையும் பிரித்துச் சொல்ல வேண்டிய வரலாற்றுக் கட்டுரைக்கு அது பற்றாது. சொற்பட்டியலில் 'வழக்கு: டெமு' என்று பக்கத்தில் குறித்துவிடலாம்.

இன்னும் இரண்டு. 'வகுப்பு 201' என்று சிலர் எழுதுகிறார்கள். பயணிகள் ரயிலில் முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் இருக்கும்போது அது கண்டிப்பாகக் குழப்பும், 'வகை 201' என்றே எழுதுவோம். அடுத்தது, எஞ்சின் இல்லாமல் ஓட்டுநர் அறை மட்டும் உள்ள பெட்டி. 1960களின் நடுவில் ஹேஸ்டிங்ஸ் தொகுதிகள் சிலவற்றைப் பிரித்து, இரண்டு ஒடுங்கிய பெட்டிகளோடு மின்வண்டியிலிருந்து எடுத்த அகலமான பெட்டி ஒன்றைக் கோத்து, ரெடிங்–டன்பிரிட்ஜ் பாதையில் விட்டார்கள். ஒரு முனை பருத்து, மற்றது ஒடுங்கி இருந்ததால் அதற்குத் 'தலைப்பிரட்டை' என்றே பெயர். அந்த அகலப் பெட்டி எஞ்சின் இல்லாமல் ஓட்டுநர் அறை மட்டும் உள்ளதுதான். அதை 'ஓட்டறை இழுபெட்டி' என்றும், ஓட்டுநர் அறையும் இல்லாததை வெறும் 'இழுபெட்டி' என்றும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

'விசைப்பெட்டி'யில் மட்டும் எனக்கு இன்னும் முழு நிறைவில்லை. மின்வேலை தெரிந்தவர்கள் அதைச் சுவிட்சுப் பெட்டி என்று எடுத்துக்கொள்ளக்கூடும். ரயில்வேயில் வேலை பார்த்த நண்பர்கள் யாராவது பணிமனையில் என்ன சொல்வார்கள் என்று எழுதினால், அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்