உப்பு நீர் உள்ள ஊரில் தளத்திற்கு எந்தச் சிமென்ட்?

தேவகோட்டைவாசி:
எங்கள் பூர்வீக வீட்டின் முகப்பும் வளவும் (முற்றத்தைச் சுற்றிய பகுதி) சுண்ணாம்புக் கட்டடமாக இன்றும் உறுதியாக நிற்க, பின்கட்டில் 1988-இல் போட்ட கான்கிரீட் தளம் மட்டும் பெயர்ந்து, சமையலறைக்கு மேலே கம்பி வெளியே தெரிகிறது. விழுந்த துண்டில் கம்பி பதிந்திருந்த பள்ளம் முழுவதும் செம்பழுப்புத் துரு ஏடு ஏடாக உரிகிறது. கம்பியை மூடியிருந்த கான்கிரீட் 10 மில்லிமீட்டர்கூட இல்லை. தளத்தைப் புதிதாகப் போட வேண்டும். ஆழ்குழாய் நீர் உப்புக் கரிப்பதால், சல்பேட் எதிர்ப்புச் சிமென்ட் வாங்கினால் துருப்பிடிக்காது என்கிறார் மேஸ்திரி. சரிதானா?

காரைக்குடி பொறியாளர்:
ஐயா, அதை வாங்க வேண்டாம். சிமென்ட் நீருடன் சேர்ந்து இறுகும்போது உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடு, கான்கிரீட்டின் நுண்துளை நீரை மிகுந்த காரத்தன்மையோடு, பி.எச். 12.5-க்குக் குறையாமல் வைத்திருப்பதால்தான் கம்பியின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்து அதைக் காக்கிறது. நீரிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடும். சிமென்ட்டிலுள்ள டிரைகால்சியம் அலுமினேட் என்ற சேர்மம் குளோரைடில் ஒரு பகுதியைப் பிணைத்துக்கொள்ளும். சல்பேட் எதிர்ப்புச் சிமென்ட்டிலோ அந்த அலுமினேட்டையே 5 சதவீதத்துக்குள் குறைத்திருப்பார்கள். சல்பேட் மிகுந்த மண்ணில் இறங்கும் அஸ்திவாரத்துக்கு அது நல்லது, உப்பு நீரில் குழைக்கும் தளத்துக்கு அல்ல. முதலில் நீரைச் சோதியுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 விதி.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
மேலே சொன்னது சரியே. ஆனால் கம்பியை மூடிய கான்கிரீட் அவ்வளவு மெலிதாக இருந்ததையும் கம்பி நெடுகத் துரு பரவியதையும் பார்த்தால், கார்பனேற்றத்துக்கே முதல் பங்கு என்று எனக்குத் தோன்றுகிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கால்சியம் ஹைட்ராக்சைடைச் சுண்ணக்கல்லாக மாற்ற, பி.எச். 9-க்கும் கீழே இறங்கிக் காப்புப் படலம் குலைகிறது. உங்கள் வளவின் சுண்ணாம்புக் காரையை ஆண்டுக்கணக்கில் இறுகச் செய்ததும் இதே வினைதான். அங்கே காப்பதற்குக் கம்பி இல்லை. தளத்தைப் புதிதாக உடைத்த முகத்தில் காரத்தைக் காட்டும் பினால்ப்தலீன் கரைசலைத் தடவிப் பாருங்கள்: காரம் மீந்த இடம் இளஞ்சிவப்பாகும், போன இடம் நிறம் மாறாது. கார்பனேற்றம், அலுமினேட் பிணைத்து வைத்த குளோரைடையும் மறுபடி விடுவித்துவிடும் என்பதால் இரண்டு கேடும் சேர்ந்தே வரக்கூடும். அரிமான (உலோகம் துருப்பிடித்து அரிபடுவது பற்றிய) ஆய்வு செய்யும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 முதல் காரைக்குடியிலேயே இருந்தும், நம் ஊர் வீடுகளில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்காமலே பூசி மறைப்பது எனக்கு வருத்தம்.

தேவகோட்டைவாசி:
தடவிப் பார்த்தேன், கம்பியைத் தாண்டியும் நிறம் மாறவில்லை. அப்படியானால் சாம்பல் கலந்த பி.பி.சி. (போர்ட்லேண்ட் போஸோலானா சிமென்ட்) போடலாமா?

காரைக்குடி பொறியாளர்:
போடலாம். குளோரைடு உள்ளே ஊடுருவுவதை அது நன்றாகத் தடுக்கும். ஆனால் உலைச்சாம்பல் கால்சியம் ஹைட்ராக்சைடைச் செலவழித்துவிடுவதால், நீராற்றல் (கான்கிரீட் இறுக நீர் ஊற்றி ஈரமாக வைத்தல்) குறைந்தால் கார்பனேற்றம் விரைவாகும். 10 நாளுக்குக் குறையாமல் ஈரம் காயாமல் காப்பாற்றுங்கள். கம்பியை அடிப்பலகையிலிருந்து தூக்கி வைக்கும் கவர் பிளாக் 20 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கம்பியைக் கல் சல்லி மேல் தூக்கி வைக்க விடாதீர்கள்.