ஞாயிறு மதியம் உழவர் சந்தைக்குப் போனால் காய் கிடைக்குமா? (கோவை)

கேள்வி: புதுக்குடித்தனம்
வடவள்ளிக்குக் குடி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையில் காய் நன்றாக இருக்கும், விலையும் குறைவு என்று ஆபீஸில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு வாரம் முழுக்க நைட் ஷிஃப்ட், சனி ஞாயிறில் எழுந்திருக்கவே மதியம் ஆகிவிடும், அதனால் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி வாக்கில் பையனையும் கூட்டிக்கொண்டு நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அங்கே பேரம் பேசலாமா? விற்பவர் விவசாயியா வியாபாரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கீரைக்கட்டு
மூன்று மணிக்குப் போனால் காலி மேடையைப் பார்த்துவிட்டு வரலாம்ங்க. அது காலைச் சந்தை. தொண்டாமுத்தூர், ஆலாந்துறைப் பக்கத்து ஆட்கள் முந்தின நாளே பறித்துக் கட்டி வைத்து, விடியும் முன்பே வந்து இறக்கிவிடுவார்கள். கீரை, வெண்டை, பிஞ்சுக் கத்திரி எல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடும், பத்து மணிக்கு மேல் முற்றியதும் அடிபட்டதும்தான் மிஞ்சும். அது சரி, வடவள்ளியிலேயே உழவர் சந்தை இருக்கும்போது ஆர்.எஸ்.புரம் எதற்கு? சனிக்கிழமை விடியற்காலை ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும்போது அப்படியே உள்ளே போய்விடுங்கள். உங்கள் வேலை நேரத்துக்கு இதைவிடத் தோதான சந்தை கிடையாது.

தராசுத்தட்டு
பேரத்துக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. அன்றைய விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள். மொத்த விலையைவிட 20 சதவீதம் கூட, வெளிக்கடை விலையைவிட 15 சதவீதம் குறைவு என்பதுதான் கணக்கு. 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் கலைஞர் முதல் சந்தையைத் திறந்ததிலிருந்தே நோக்கம் இடைத்தரகர் இல்லாமல் விற்பதுதான், அதனால் கடைக்கு வாடகை இல்லை, தராசும் இலவசம். முதலில் பலகையைப் படித்துவிட்டு அப்புறம் கடைப் பக்கம் போங்கள். பையும் சில்லறையும் கையில் இருக்கட்டும்.

வெள்ளாமைக்காரர்
பலகை விலை சரிதான், ஆனால் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் விவசாயிகள் என்று நம்பிவிட வேண்டாம். விவசாயிக்கு அடையாள அட்டை உண்டு, கேட்டால் காட்டுவார். நான் பார்ப்பது வேறு. ஒரே கடையில் கேரட், பீன்ஸ், முருங்கை, சின்ன வெங்காயம் என்று எல்லாம் குவிந்திருந்தால் சந்தேகப்படுவேன். கேரட் ஊட்டிப் பக்கத்துக் குளிரில் விளைவது, முருங்கை வெயில் காட்டில் காய்ப்பது, இரண்டும் ஒருவர் தோட்டத்தில் எப்படி வரும்? இரண்டு மூன்று காய் மட்டும் வைத்துக்கொண்டு, அளவும் ஒன்று போல இல்லாமல், மண்ணோடு உட்கார்ந்திருப்பவரிடம் வாங்குங்கள். எப்போது விதைத்தீர்கள் என்று கேட்டால் நிறுத்தாமல் பேசுவார், வெள்ளாமை செய்கிற எங்களுக்கு அப்படி ஒருவர் கேட்டாலே போதும்.

அமாவாசை லிஸ்ட்
பையனுக்கு வேடிக்கை காட்டத்தான் என்றால் வாரச்சந்தைக்குக் கூட்டிப் போங்கள், அதுதான் மதியத்துக்கு மேல் கூடும். பொரி, முறுக்கு, பாத்திரம், வளையல் எல்லாம் இருக்கும், பேரமும் ஆசை தீரப் பேசலாம். ஆனால் அங்கே விற்பவர்களில் பாதிப் பேர் மார்க்கெட்டில் எடுத்து வந்து விற்பவர்கள். அப்புறம், அமாவாசை, முகூர்த்த நாளைத் தவிர்த்துப் போங்கள், அன்றைக்கு வாழைக்காயும் பூசணியும் விலை ஏறிக் கிடக்கும். புரட்டாசி பற்றிச் சொல்லவே வேண்டாம்.

புதுக்குடித்தனம்
நன்றிங்க. சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் நேராக வடவள்ளி சந்தைக்கே போகிறேன். பையனுக்கு வாரச்சந்தைதான் சரி. எங்கள் பக்கம் எந்தக் கிழமை கூடும் என்று யாராவது சொல்லுங்கள்.